சோலை மடிப்பிலிருந்து விண்கலம் வரை: ஒரு வேற்றுலக இனத்தைப் படைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

அறிவியல் புனைகதை எழுதத் தொடங்குவோரின் முதல் படிகளில் வேற்றுலகவாசி பெரும்பாலும் மனிதனாகவே இருக்கிறான். தோல் பச்சையாகவும் கண் பெரிதாகவும் இருப்பதைத் தவிர, அவன் கோபப்படுவதும் முடிசூடுவதும் படையெடுப்பதும் நம்மைப் போலத்தான். தலையில் கொம்பு முளைத்துவிட்டால் மட்டும் ஓர் இனம் வேறாகிவிடாது. அந்த இனம் வாழும் இடம் அதன்மீது சுமத்தும் கட்டாயங்களில் தொடங்கி, ஒவ்வொரு கட்டாயத்துக்கும் ‘அதனால்?’ என்று கேட்டுக்கொண்டே போய், அந்தக் கேள்வி விண்கலத்தின் கதவை எட்டும்வரை விடாதிருப்பதே இங்கே விளக்கப்படும் முறை.

நீலகிரியிலோ பழனி மலைத் தொடரிலோ வாழ்பவருக்கு இந்தப் பயிற்சி அன்றாடம் கிடைக்கிறது. உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகிறது. அதனால் அடுப்பு கூடுதல் நேரம் எரிகிறது. அதனால் குக்கர் அங்கே வசதிப் பொருளாக இல்லாமல் தேவைப் பொருளாகிறது. உயரம் என்ற ஒரே காரணம் நான்கு படி இறங்கி அடுக்களைக்குள் வந்துவிட்டது. வேற்றுலகத்தையும் இப்படித்தான் கட்ட வேண்டும். வழிநெடுக ஒரே எடுத்துக்காட்டை வளர்த்துச் செல்வோம்: கோளின் பெயர் தீழை, இனத்தின் பெயர் கயிணர்.

முதல் படி: சூரியனையும் இடத்தையும் முடிவு செய்தல்

விண்மீனை முழுக்கக் கற்பனையாக அமைப்பதைவிட, உண்மையான ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டால் கணக்குகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கும். 4.37 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆல்ஃபா சென்டாரி, ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களைக் கொண்டது. இதை மலையிலிருந்தே பார்க்கலாம். மே மாதத்தில், தென்மேற்குப் பருவமழை வானத்தை மூடுவதற்கு முன், தெற்குப் பக்கம் மறைக்காத ஒரு மேட்டில் இரவு பத்து, பதினோரு மணி வாக்கில் நின்று, கையை நீட்டி மடக்கிய முட்டியை அடிவானத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால், அதற்குச் சற்றே கீழாக, ஏறத்தாழ 18 டிகிரி உயரத்தில் அது ஒளிரும்.

அவ்விரண்டில் சிறியது ஆரஞ்சு நிறமுடையது. நம் சூரியனின் ஒளியில் ஏறத்தாழ பாதிதான் அதற்கு. கற்பனைக் கோளான தீழையை அதைச் சுற்ற விடுவோம். ஒளி பாதியாக இருப்பதால் கோள் நெருங்கியிருக்க வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவில் பத்தில் ஏழு பங்கில் வைத்தால், அதன் ஓராண்டு நம்முடைய 225 நாள் அளவில் முடியும். பெரிய விண்மீன் தீழையின் வானில் இரண்டாம் சூரியனாக நிற்கும். இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 ஆண்டு ஆகிறது. நெருங்கும்போது இடைவெளி பூமி–சூரியன் தொலைவைப் போல 11 மடங்கு, விலகும்போது 35 மடங்கு. ஆகவே இரண்டாம் சூரியன் நெருங்கும் காலத்தில், விலகிய காலத்தைவிடப் பத்து மடங்கு ஒளி தரும். அது கோளின் வெப்பத்தைப் பெரிதாக மாற்றாது. ஆனால் இரவை மாற்றிவிடும், ஏனெனில் அந்த ஒளி நம் முழுநிலவைப் போலச் சில ஆயிரம் மடங்கு. இந்த 80 ஆண்டுச் சுழற்சியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

அடுத்து நிலம். கோள் முழுவதையும் ஒரே பாலைவனமாகவோ ஒரே பனிக்காடாகவோ அமைப்பது சோம்பேறித்தனம். நீலகிரி மாவட்டம் ஒன்றிலேயே கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது, கோத்தகிரி வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்க்கிறது, மசினகுடி முட்புதர்க் காடாக வறண்டு கிடக்கிறது. ஆதலால் கோளை வரையாதீர்கள். ஒரு பள்ளத்தாக்கை வரையுங்கள். ஜனவரி மாத விடியலில் உதகை அருகே தலைக்குந்தாப் பக்கம் போய்ப் பார்த்தால், திறந்த புல்வெளி உறைபனியில் வெளுத்திருக்கும். அந்த வெண்மை, மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் சோலைக் காட்டின் விளிம்பை நெருங்க நெருங்க மெலிந்து, கிளைகளுக்கு அடியில் இல்லாமற் போகும். அங்கே மண் கறுப்பாக, ஈரமாக இருக்கும். சோலை மரங்களின் கன்றுகள் திறந்த வெளியில் பிழைக்காததற்குக் காற்று, தீ ஆகியவற்றோடு இந்த உறைபனியும் ஒரு காரணம். கயிணரைப் புல்வெளியும் சோலையும் சந்திக்கும் அந்தக் கோட்டின்மீது வாழ விடுவோம்: பகலில் வெளியில் மேய்ச்சல், இரவில் மடிப்புக்குள் ஒதுக்கம். உணவு கிடைப்பதும் உயிர் போவதும் வெளியில். உறவும் பாதுகாப்பும் மடிப்பில்.

இரண்டாம் படி: உடல்

தீழையின் நிறை பூமியைப் போல இரு மடங்கு என்றும், ஈர்ப்பு 1.3 மடங்கு என்றும் கொள்வோம். ஓர் உயிரின் அளவை எல்லாப் பக்கமும் இரட்டித்தால் அதன் எடை எட்டு மடங்காகும், கால் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும் என்பது கலிலியோ 1638-இல் விளக்கிய உண்மை. ஈர்ப்பு கூடும்போது இந்த நெருக்கடி இன்னும் முன்னதாகவே வந்துவிடும். ஆகவே கயிணர் குட்டையானவர்கள்: ஆட்டுக்கிடா உயரம், தடித்த நான்கு கால், முன்பக்கம் இரண்டு கை. அவர்கள் உலகில் தவறி விழுவது நம் உலகில் விழுவதைவிடக் கொடியது. அதனால் படிக்கட்டு கிடையாது, சரிவுப் பாதைதான். அதனால் மாடி கிடையாது. அதனால் உயரமான இருக்கை அவர்களிடம் பெருமைக்கு அடையாளமாக இருக்க முடியாது; நீங்கள் ஓர் அரசனை அரியணையில் ஏற்றப் பார்த்தால் அவன் நடுங்குவான்.

உறுப்புகளின் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. எதைத் தின்கிறது, எது அதைத் தின்கிறது, எப்படி விழாமல் நிற்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை இருந்தால் உடல் முடிந்தது.

மூன்றாம் படி: புலனும் பேச்சும்

மனிதக் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் கேளாது. முதுமலை யானைகள் அதற்கும் தாழ்ந்த ஒலியில் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பேசிக்கொள்கின்றன, நிலத்தில் பரவும் அதிர்வையும் பாதத்தால் உணர்கின்றன. இதைக் கயிணருக்குக் கொடுப்போம்: அருகிலிருப்பவரிடம் தொண்டைக் குரல், தொலைவிலிருப்பவரிடம் காலால் தட்டும் பேச்சு. நிலத்தில் கால் ஊன்றியிருக்கும் எவரும் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும் என்பதால், ஒருவர் அந்தரங்கமாகப் பேசும்போது சுற்றியிருப்போர் ஒரு காலைத் தூக்கிக்கொள்வது நாகரிகமாகிறது. பேசிக்கொண்டிருப்பவர் முன்னிலையில் இரண்டு காலைத் தூக்கினால் அது பெரும் அவமதிப்பு. மணற்பாங்கான நிலத்தில் சத்தியம் செய்தால் செல்லாது. இத்தகைய சிறு வழக்கங்கள் பத்துப் பக்க வரலாற்றைவிட ஓர் இனத்தை நம்ப வைக்கும்.

இந்தப் புலனை விண்வெளிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை இப்போதே யோசித்துவிட வேண்டும். எடையற்ற நிலையில் கால் எங்கும் ஊன்றாது. ஊன்றாத கயிணர் பாதிச் செவிடர், பாதி ஊமை. இதற்கு ஏழாம் படியில் விடை தேடுவோம்.

நான்காம் படி: பிறப்பும் இறப்பும்

ஓர் இனத்தை உள்ளபடியே வேறாக்குவது அதன் வாழ்க்கைச் சுழற்சி. இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் பூக்கும் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை தந்து, செடியோடு மடிந்துவிடும். 2006-இலும் 2018-இலும் பெருவாரியாகப் பூத்தது, அடுத்தது 2030. பசிபிக் சால்மன் மீனும் முட்டையிட்டதும் இறக்கிறது. பெண் ஆக்டோபஸ் முட்டைகளைக் காத்துப் பொரிக்கவிட்டு இறந்துவிடும்; இவ்வளவு அறிவுள்ள உயிர் தான் கற்றதைக் குஞ்சுக்குச் சொல்ல வழியே இல்லை. கயிணரை இந்த வகையில் சேர்ப்போம். இரண்டாம் சூரியன் நெருங்கி இரவு வெளுக்கும்போது அந்த ஒளி அவர்கள் உடலில் இனப்பெருக்கத்தைத் தூண்டும். எல்லோரும் ஒரே பருவத்தில் முட்டையிட்டு, சில வாரங்களில் இறப்பார்கள். குழந்தைகள் பெற்றோரைப் பார்க்கவே மாட்டார்கள்.

இப்போது ‘அதனால்?’ என்று கேட்கத் தொடங்குங்கள், விடைகள் கொட்டும். சமூகம் முழுவதும் ஒரே வயது. எல்லோரும் ஒன்றாகக் குழந்தைகள், ஒன்றாக இளைஞர்கள், ஒன்றாகக் கிழவர்கள். முதல் பதினைந்து ஆண்டு உழைக்க ஆளே இல்லை. ஆகவே முந்தைய தலைமுறை தான் காணப்போகாத பிள்ளைகளுக்காகக் களஞ்சியம் நிரப்பி வைத்துவிட்டுச் செத்திருக்க வேண்டும். இருபதாம் ஆண்டை ஒட்டி உலகமே ஒரே நேரத்தில் வாலிப முறுக்கில் இருக்கும். போர்கள் அந்தப் பத்தாண்டில்தான் நடக்கும். அறுபதுக்கு மேல் புதிய கட்டடம் எழாது. தாம் சாகும் ஆண்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவர்கள் ஆண்டைக் கூட்டி எண்ணுவதில்லை; எஞ்சியதைக் குறைத்து எண்ணுகிறார்கள். அந்த நாளைக் கணிக்க வேண்டியிருப்பதால் உழவுக்கு முன்பே வானியல் பிறந்திருக்கும்.

அறிவு எப்படிக் கைமாறுகிறது? ஒளி படாவிட்டால் தூண்டுதலும் இல்லை. ஆகவே நெருங்கும் காலம் முழுவதையும் ஆழமான குகையில் கழிக்கும் சிலர் முட்டையிடாமல், சாகாமல், மறு சுழற்சிக்குள் நுழைகிறார்கள். இவர்களைத் ‘தங்குவோர்’ என்போம். எழுத்தும் தொழிலும் சட்டமும் இவர்கள் வழியேதான் பிள்ளைகளை அடைகின்றன. எனவே அதிகாரம் இவர்களிடம். ஆனால் இவர்களுக்குச் சந்ததி இல்லை, தம் வயதையொத்தோர் அத்தனை பேரும் இறந்துபோனவர்கள். அதனால் மக்கள் இவர்களை வணங்கவும் செய்கிறார்கள், இவர்கள்மேல் இரங்கவும் செய்கிறார்கள், உள்ளூர வெறுக்கவும் செய்கிறார்கள். யார் குகைக்குள் போவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நாவலாக விரிக்க இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கலும் வாய்ப்பும் உண்டு. நம் உரையாடல் அண்ணன், அக்கா, தம்பி, ஐயா இல்லாமல் நடக்காது. கயிணரிடையே அம்மா இல்லை, அப்பா இல்லை, மூத்தவர் இளையவர் இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’. தங்குவோருக்கு மட்டும் ‘நீங்கள்’. ஒரு கயிணன் தன் தோழனைப் பார்த்து முதன்முறையாக ‘நீங்கள்’ என்று சொன்னால், அந்தத் தோழன் குகைக்குப் போக முடிவெடுத்துவிட்டான் என்று வாசகர் விளக்கமின்றியே புரிந்துகொள்வார். இந்த வசதி ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடு இல்லாத மொழியில் எழுதுபவருக்குக் கிடைக்காது.

ஐந்தாம் படி: கொடுக்கல் வாங்கல்

முழு இனமும் ஒரே அரசு, ஒரே மதம், ஒரே குணம் என்று வைப்பது வழக்கமான பிழை. பல பள்ளத்தாக்குகள், பல குழுக்கள், அவற்றிடையே பொருள் எப்படிப் போகிறது என்று தீர்மானியுங்கள். நீலகிரியில் தோடர் பால்பொருள் தந்தனர், கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் சடங்குக்கு இசையும் தந்தனர், படகர் தானியம் தந்தனர், குறும்பர் காட்டுப் பொருளும் மந்திரக் காப்பும் தந்தனர். நாணயம் பெரிதாகப் புழங்காமலே நெடுங்காலம் நடந்த பரிமாற்றம் அது. ஒரு குழுவிடம் இல்லாதது இன்னொரு குழுவிடம் இருக்கிறது என்பதால் இருவரும் ஒருவரையொருவர் அழிக்க முடியாத நிலை எப்படி உருவாகிறது என்ற பாடத்தை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய உடையையும் வீட்டையும் சடங்கையும் எடுத்து வேற்றுலகவாசிக்கு மாட்டிவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் இன்றும் நம்மோடு வாழும் மக்கள். பக்கத்து ஊர்க்காரரை விண்வெளி உயிராக்கும் எழுத்து, சோம்பலோடு அவமரியாதையையும் சேர்த்துச் செய்கிறது.

ஆறாம் படி: விண்ணுக்கு ஏறுதல்

இரண்டு கேள்விகள்: ஏன் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள். ஆர்வத்தால் போனார்கள் என்பது பலவீனமான விடை. கயிணருக்கு வலுவான காரணம் இருக்கிறது: இரண்டாம் சூரியனின் ஒளி எட்டாத இடத்துக்குப் போய்விட்டால் குகை இல்லாமலே வாழலாம். ஆகவே அவர்களுடைய விண்வெளித் திட்டம் சாவிலிருந்து தப்பும் முயற்சி; அதை ஏமாற்று வேலை என்று கருதும் பெரும் பிரிவும் கட்டாயம் இருக்கும்.

எப்படி என்பதில் கணக்கு குறுக்கே நிற்கும். மலை உச்சியிலிருந்து ஏவினால் எளிது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். தாழ்வான சுற்றுப்பாதையோ 400 கிலோமீட்டர் உயரம் அளவில். உயரத்தில் மிச்சமாவது சொற்பம்; செலவெல்லாம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதில்தான். ருஷ்ய அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட ராக்கெட் சமன்பாட்டின்படி, எட்ட வேண்டிய வேகம் கூட்டலில் ஏறினால் ராக்கெட்டின் எடை பெருக்கலில் ஏறும். தீழையில் அந்த வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டர் அளவு. அதே சுமையை ஏற்ற ஏறத்தாழ இரு மடங்கு எடையுள்ள ராக்கெட் வேண்டும். முடியாத காரியம் இல்லை; ஆனால் ஒவ்வொரு பயணமும் ஒரு பள்ளத்தாக்கின் களஞ்சியத்தைக் காலி செய்யும். பிள்ளைகளுக்கான களஞ்சியத்தை.

கருவிகள் நிலத்தின் வடிவத்தை ஏற்க வேண்டும். உதகை முத்தோரையில் 1970-இல் அமைந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அதை ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவின்மீது நிறுத்தினார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி என்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். சரிவு தடையாக இருந்த இடத்தில் கருவியின் பாதியாகிவிட்டது. உங்கள் இனத்தின் முதல் பெரிய கருவிக்கும் இப்படி ஒரு முகவரி இருக்கட்டும். கயிணரின் முதல் வானியல் கருவி கண்ணுக்குரிய குழாயாக இருக்கத் தேவையில்லை. இரண்டாம் சூரியனின் ஒளி ஒரு துளை வழியே குகைத் தரையில் விழும் இடத்தை ஆண்டுதோறும் குறித்துவந்த கல்வரிசையாக இருக்கலாம்.

ஏழாம் படி: கலத்துக்குள் வாழ்க்கை

முதலில் தொலைவு. நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் ஆல்ஃபா சென்டாரிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஒளியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கை எட்டினாலும் 87 ஆண்டு, அதாவது ஒரு கயிணர் வாழ்நாளுக்குச் சற்று மேல். இரண்டாவது, கதிர்வீச்சு. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கு மேலும் பத்து டன் காற்று நிற்கிறது. உதகையில் எட்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. கலத்துக்கு வெளியே அது பூஜ்ஜியம். ஆகவே குடியிருப்பைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டிகளை அடுக்க வேண்டும். மடிப்புக்குள் வாழ்ந்து பழகிய இனத்துக்கு அது அன்னியமாகத் தோன்றாது.

இனி அவர்களுக்கே உரிய சிக்கல்கள். தரை வழிப் பேச்சு நடக்க வேண்டுமானால் கலம் சுழன்று எடையைத் தர வேண்டும், தரை ஒரே உலோகத் தகடாகத் தொடர வேண்டும். ஆனால் அதே தகட்டில் எஞ்சினின் அதிர்வும் ஓடும். கயிணருக்கு அது நிற்காத கூச்சல். அதனால் ஆலோசனைக் கூட்டத்துக்கு எஞ்சினை நிறுத்துவார்கள். அதனால் எஞ்சின் நின்றாலே கலத்தில் ஏதோ முடிவாகப்போகிறது என்று எல்லோரும் அறிவார்கள். குற்றவாளிக்குத் தண்டனை, ரப்பர் விரித்த அறையில் அடைப்பது. இவை எதுவும் நான் தனியாகக் கண்டுபிடித்தவை அல்ல. மூன்றாம் படியிலிருந்து தாமாக வந்தவை.

எல்லாவற்றையும்விடப் பெரியது பிறப்பு. கலம் விலகிப் போகப் போக இரண்டாம் சூரியன் வெறும் புள்ளியாகிவிடும், தூண்டுதல் இல்லை, யாரும் முட்டையிட மாட்டார்கள், ஆகவே குறித்த நாளில் சாகவும் மாட்டார்கள். தப்பிவிட்டார்கள், ஆனால் அவர்களோடு அந்தக் கூட்டம் முடிந்துவிடும். சந்ததி வேண்டுமானால் கலத்திலேயே ஒரு பெரிய விளக்கை எரித்து, இரண்டாம் சூரியனின் ஒளியைப் போலச் செய்ய வேண்டும். எரித்தால் அந்த ஒளி பட்டவர்கள் எல்லோரும் இறப்பார்கள். விளக்கின் சாவி யாரிடம்? எந்தப் பகுதியில் எரிப்பது? தானாக விருப்பம் தெரிவிப்பவர் போதாமற் போனால்? தீழையில் சூரியன் முடிவு செய்ததை இங்கே ஒரு கை முடிவு செய்கிறது. விண்வெளிப் பண்பாடு என்று நாம் தேடுவது இதுதான்: பழைய இடத்தில் இயற்கையாக நடந்தது புதிய இடத்தில் யாரோ ஒருவரின் பொறுப்பாக மாறும்போது எழும் சட்டமும் சடங்கும் சண்டையும். கலத்தின் கொடி, சீருடை, பதவிப் பெயர்கள் ஆகியவற்றை இதற்குப் பிறகு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: பெயர்கள்

மெய்யெழுத்துகளை நெருக்கி வாயில் நுழையாத பெயர் வைத்தால் வாசகர் அதைத் தாண்டிப் படித்துவிடுவார். வாயின் அமைப்பிலிருந்து விதி செய்யுங்கள். கயிணருக்கு உதடு இல்லை என்றால் ப, ம, வ மூன்றும் வராது. இதழ் குவிந்து பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ உயிர்களும் வராது. இதழ் ஒட்டாமலும் குவியாமலும் செய்யுள் இயற்றும் நிரோட்டகம் நம் புலவர்கள் நெடுங்காலம் ஆடிய விளையாட்டுதான். தீழை, கயிணர், சேழன், நெறிணை, ஏகிழ் ஆகியவை இந்த விதிக்குள் அடங்குகின்றன. விதியை வாசகரிடம் சொல்லாதீர்கள். ஒலி ஒற்றுமையைக் காது தானே கண்டுகொள்ளும்.

ஒன்பதாம் படி: சோதித்தலும் எழுதுதலும்

குறிப்பேடு நிரம்பியதும், அறிவியல் தெரிந்த ஒரு நண்பரிடமும் அறிவியலே வேண்டாம் என்கிற இன்னொருவரிடமும் கொடுங்கள். முன்னவர் கணக்கில் ஓட்டை தேடுவார்: குகையில் அத்தனை காலம் எதைத் தின்றார்கள், விளக்குக்கு மின்சாரம் ஏது என்பார். பின்னவர் நடத்தையில் ஓட்டை தேடுவார்: இவ்வளவு வெறுப்பு இருந்தால் தங்குவோரைக் கொன்றிருக்க மாட்டார்களா என்பார். பின்னவரின் கேள்விகள்தான் பெரும்பாலும் கதைக்கு உதவும். விடை சொல்ல முடியாத கேள்வி வந்தால் புதிய தொழில்நுட்பத்தை நுழைத்துச் சமாளிக்காமல், முந்தைய படிகளுக்குத் திரும்பி ஏதாவது ஒரு கட்டாயத்தை இறுக்கிப் பாருங்கள்.

எழுதும்போது முன்கதையாக உலக வரலாற்றை வைக்க வேண்டாம். எஞ்சின் நிறுத்தப்பட்ட கலத்தில், நாற்பது பேர் கால் ஊன்றி நிற்கும் கூட்டத்தில், ஒருத்தி மட்டும் இரண்டு காலையும் தூக்கிக்கொள்ளும் காட்சியில் தொடங்குங்கள். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பது தெரிய வாசகருக்குத் தரைப் பேச்சும் விளக்கும் தங்குவோரும் ஒவ்வொன்றாகத் தேவைப்படும். தேவைப்படும்போது மட்டும், தேவைப்படும் அளவு கொடுங்கள். 225 நாள் ஆண்டும் 1.3 மடங்கு ஈர்ப்பும் கதையில் ஒருமுறைகூட எண்ணாக வர வேண்டியதில்லை. அவை உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் போதும்.